தைத்த அண்ணம் நிலைக்க: பிளவுற்ற அண்ணத்தின் அறுவைக்குப் பின் வீட்டார் காக்க வேண்டியவை

 

எழுத்தொலிகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துக் காட்டியுள்ளார். உள்ளிருந்து எழும் காற்று மார்பு, கழுத்து, தலை, மூக்கு ஆகிய இடங்களைப் பொருந்தி, பின் இதழ், நா, பல், அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகிறது என்பது அவர் கூறும் இலக்கணம். மெல்லினத்திற்கு இடம் மூக்கு என்றும், வல்லினத்திற்கு இடம் மார்பு என்றும் அவர் பிரித்துள்ளார். பகரத்திற்கும் மகரத்திற்கும் இதழ்கள் பொருந்துவது ஒன்றுபோலவே அமைகிறது. வேறுபாடு காற்றுச் செல்லும் வழியில்தான் உள்ளது. மகரத்தில் காற்று மூக்கின் வழியே போகிறது. பகரத்தில் மூக்கின் வழி அடைபடுகிறது. அந்த வழியைத் திறந்தும் அடைத்தும் காக்கும் கதவுதான் மேல்வாயின் பின்பகுதியில் தொங்கும் மெல்லண்ணம்.

இக்கதவு பிளந்த நிலையில் பிறக்கும் குழந்தை, தந்தையை நோக்கி "அப்பா" என்று அழைக்க முயலும்போது, கேட்போர் செவியில் அது "அம்மா" என்றே விழக்கூடும். குழந்தையின் உள்ளத்தில் சொல் தெளிவாகவே இருக்கிறது. வாயில்தான் அது மாறிவிடுகிறது. அண்ண அறுவையின் முதன்மையான நோக்கம் இச்சொல்லை மீட்டுத் தருவதே ஆகும். அறுவை ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பயன் நிலைப்பதோ பின்வரும் மூன்று வாரங்களையும், அதன்பின் வரும் சில ஆண்டுகளையும் பொறுத்தது. அந்நாட்களில் குழந்தை மருத்துவரின் கையில் இருப்பதைவிட வீட்டாரின் கையில் இருப்பதே மிகுதி. ஆதலால் வரக்கூடிய சிக்கல்கள் எவை, அவற்றுள் வீட்டார் தடுக்கக்கூடியவை எவை என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பிளவு யார் குற்றமும் அன்று

உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கும் குழந்தைகள் உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒருவர். கருவின் ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரத்திற்குள் முகத்தின் இரு பக்கங்களிலிருந்தும் வளரும் திசுக்கள் நடுவில் வந்து இணைய வேண்டும். அவ்விணைப்பு நிறைவுறாதபோது பிளவு ஏற்படுகிறது. மரபணுவும் சூழலும் கூடிய பல காரணங்கள் இதற்கு உண்டு. கிரகண நேரத்தில் கர்ப்பிணி காய் நறுக்கியதால் இவ்வாறு ஆயிற்று என்னும் பேச்சு இன்றும் சில வீடுகளில் கேட்கிறது. அதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை. பழி சுமந்து ஒடுங்கிய தாயால் குழந்தையை உரிய காலத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவருதல் அரிது. ஆகவே அப்பழியை நீக்குவதே முதற்காப்பு.

அறுவையில் நிகழ்வது

1819ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பிலிபெர் ரூ என்னும் அறுவை மருத்துவர், ஜான் ஸ்டீவன்சன் என்னும் கனடா நாட்டு மருத்துவ மாணவரின் மெல்லண்ணப் பிளவைத் தைத்து மூடினார். மயக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது. ஆதலால் அசையாது அமர்ந்திருக்கக்கூடிய பெரியவர்க்கே அச்சிகிச்சை இயலும். மயக்க மருந்து வந்தபின் 1861இல் பெர்லினில் லாங்கன்பெக் என்பார் வன்மையான முன்னண்ணத்தையும் மூடும் முறையை விளக்கினார். இன்று ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கே இவ்வறுவை செய்யப்பெறுகிறது.

அறுவை மருத்துவர் புதிய திசு எதனையும் கொண்டுவந்து வைப்பதில்லை. அண்ணத்தின் இரு ஓரங்களில் உள்ள சதையையே தளர்த்தி நடுவுக்கு நகர்த்தி, மூக்கின் பக்கத்து உட்தோல், நடுவில் தசை, வாயின் பக்கத்துத் தோல் என மூன்று அடுக்குகளாகத் தைக்கிறார். இருக்கும் துணியையே இழுத்துத் தைப்பது போன்றது இது. இழுவை மிகுந்தால் தையல் விட்டுப்போகும். குருதி உள்ளே தேங்கினாலும், சீழ் பிடித்தாலும், வெளியிலிருந்து ஏதேனும் குத்தினாலும் தையல் பிரியும். இந்த நான்கு காரணங்களில் முதலாவது மருத்துவரின் கைத்திறனைப் பொறுத்தது. ஏனைய மூன்றைத் தடுப்பதில் வீட்டாருக்கும் பங்குண்டு.

காப்பு அறுவைக்கு முன்பே தொடங்குகிறது

அண்ணம் பிளந்த குழந்தையால் பாலை உறிஞ்சி இழுக்க இயலாது. நெடுநேரம் முயன்று, களைத்து, பசியோடு உறங்கிவிடும். இதனால் எடை குறையும். எடை குறைந்த குழந்தையின் புண் எளிதில் ஆறாது. பீய்ச்சிய தாய்ப்பாலைச் சங்கிலோ சிறு கிண்ணத்திலோ, இப்பிளவுக்கெனச் செய்யப்பெற்ற புட்டியிலோ கொடுக்கலாம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்தல் வேண்டும். இடையிடையே தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்தல் வேண்டும். அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே கிண்ணத்திலும் கரண்டியிலும் குடிக்கப் பழக்கிவிட்டால், அறுவைக்குப் பின் புட்டிக்காக அழும் அழுகை நீங்கும்.

சளியும் காய்ச்சலும் இருப்பதை மறைத்தல் கூடாது. பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த நாள் தவறிவிடுமே என்னும் அச்சத்தால் சிலர் இருமலை மறைத்துவிடுகின்றனர். சளி உள்ள குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகும் அபாயம் உண்டு. இருமலும் தொற்றும் தையலைப் பிரிக்கும். சில வாரங்கள் தள்ளிவைத்தல் இழப்பன்று. குருதியின் அளவு, இதயத்தின் நிலை ஆகியவற்றையும் முன்னரே ஆராய்ந்து கொள்வர். பிளவுடன் பிறந்த குழந்தைகளுள் சிலருக்கு இதயக் குறையும் உடனிருக்கும்.

அறுவை நாளன்று வெறும் வயிற்றுடன் இருத்தல் கட்டாயம். பொதுவாகத் திட உணவுக்கும் பசும்பால் முதலிய பிற பாலுக்கும் 6 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, தெளிந்த நீருக்கு 2 மணி என இடைவெளி குறிப்பர். அழுகிறதே என்று இரங்கி ஒரு வாய்ப் பால் கொடுத்துவிட்டால், மயக்கத்தில் அப்பால் மேலெழும்பி நுரையீரலில் புகும். மருத்துவமனை குறித்த நேரத்தைவிட நெடுநேரம் பட்டினி இடுவதும் குழந்தையின் உடலை வாட்டும். நோன்பு பழகிய இல்லத்தாரும் இங்கு மருத்துவர் குறித்த அளவையே அளவாகக் கொள்ளுதல் வேண்டும்.

அறுவைக்குரிய வயதைக் குறித்தும் ஒரு சொல். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள 23 மருத்துவமனைகளில், அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளிடம் நடைபெற்ற ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. ஐந்து வயதில் ஆராய்ந்தபோது, 6 மாதத்தில் அறுவை பெற்றோருள் 8.9 விழுக்காட்டினருக்கும், 12 மாதத்தில் பெற்றோருள் 15 விழுக்காட்டினருக்கும் மெல்லண்ணம் போதிய அளவு மூடவில்லை. எல்லாக் குழந்தைக்கும் ஆறாம் மாதமே உரியது என்று இதனைக் கொள்ளலாகாது. எடையும் உடல்நிலையும் மருத்துவமனையின் வசதியும் நோக்கி மருத்துவரே காலம் குறிப்பார். பேச்சுத் தொடங்கும் பருவத்தைக் கடந்து அறுவையைத் தள்ளிப்போடுவது மட்டும் குழந்தைக்குக் கேடாகும்.

முதல் இரண்டு நாட்கள்: மூச்சும் குருதியும்

பிறந்த நாள் முதல் திறந்தே இருந்த பெரிய வழி அறுவையால் சட்டென ஒடுங்குகிறது. வாயைத் திறந்து வைக்கும் கருவி நாவை அழுத்தியிருந்ததால் நா வீங்கியும் இருக்கலாம். ஆதலால் முதல் இரவில் மூச்சே முதற்கவலை. கீழ்த்தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வபாயம் மிகுதி. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குருதியில் உயிர்வளி அளவைக் காட்டும் கருவியை விரலில் மாட்டி வைப்பர். குழந்தை நெளிகிறது என்று அதனைக் கழற்றிவிடல் கூடாது. மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்வாங்குதல், குறட்டை போன்ற ஒலி, உதட்டில் நீலம் ஆகியவற்றைக் கண்டால் அந்நொடியே செவிலியரை அழைத்தல் வேண்டும்.

உமிழ்நீரில் இளஞ்சிவப்பு கலந்து வருதல் முதல் நாளில் இயல்பு. செக்கச்சிவந்த குருதி சொட்டுதல் இயல்பன்று. குழந்தை ஒன்றும் உண்ணாமலே அடிக்கடி விழுங்கிக்கொண்டிருந்தால், குருதி உள்ளிறங்குகிறது என்று ஐயுறல் வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்க்கும் உறவினரை அன்புடன் தடுத்துவிடுதல் நலம்.

வலியடக்கும் மருந்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அழட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கலாகாது. வீறிட்டு அழும் குழந்தைக்குக் குருதி அழுத்தம் ஏறும், கசிவு மிகும், தையல் இழுபடும். வலியுள்ள குழந்தை குடிக்கவும் மறுக்கும். அளவு குழந்தையின் எடைக்கேற்ப எழுதித்தந்தபடியே இருத்தல் வேண்டும். உறக்கம் தரும் இருமல் மருந்தையோ, வீட்டில் எஞ்சிய மாத்திரையையோ தாமாகக் கொடுத்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆஸ்பிரின் குருதிக் கசிவைக் கூட்டும்.

போதிய நீர் இறங்குகிறதா என்பதைச் சிறுநீர் சொல்லும். எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாத குழந்தையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மூன்று வாரங்கள்: அடுக்களையும் குளியலறையும்

வீடு திரும்பிய பின் காப்பு முழுதும் அன்னையரிடமும் பாட்டிமாரிடமும் சேர்கிறது. உணவு முறை மருத்துவமனைக்கு மருத்துவமனை சிறிது மாறுபடும், எழுதித்தந்ததே முடிவானது. பொதுவாக முதல் சில நாட்கள் நீர்த்த உணவு, பின்னர் மூன்றாம் வாரம் வரை பிசுக்கின்றி வழியும் மென்மையான உணவு என்பது வழக்கம். வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், நீர்மோர், இளநீர், நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் ஆகியவை ஏற்றவை. எல்லாம் இளஞ்சூட்டில் இருத்தல் வேண்டும். முறுக்கு, சீடை, தட்டை, ரஸ்க், பிஸ்கட், அப்பளம் ஆகியவற்றின் விளிம்பு கத்திபோல் தையலைக் கிழிக்கும். விழா நாட்களில் அன்பின் மிகுதியால் யாரேனும் குழந்தையின் வாயில் பண்டம் ஊட்டிவிடாதபடி ஒருவர் பொறுப்பேற்றல் நன்று.

கரண்டி அகலமாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். கீழுதட்டில் சாய்த்து ஊற்றினால் போதும். உள்ளே செலுத்த வேண்டா. குழலால் உறிஞ்சுதல் மூன்று வாரத்திற்கு விலக்கு. ஒவ்வொரு முறை உண்டபின்னும் இரண்டு கரண்டி தண்ணீர் கொடுத்தால் தையலில் ஒட்டிய துணுக்கு கழுவப்படும். வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த நீரையே பருகும் இல்லங்களின் வழக்கம் இங்கு மருத்துவத்தோடு இயைகிறது. தேனை விலக்கும் வழக்கமும் அவ்வாறே. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது என்பதே மருத்துவர் கருத்தும்.

பொழுது சாய்ந்தபின் உண்ணாத இல்லங்களிலும், அறுவை பெற்ற குழந்தைக்கு இரவில் பாலும் நீரும் மருந்தும் வேண்டியிருக்கும். பகலில் வலியால் குறைவாகக் குடித்ததை அது இரவில்தான் ஈடு செய்துகொள்ளும். இதனை வீட்டுப் பெரியவர்கள் முன்கூட்டியே எண்ணி முடிவு செய்துவிட்டால், நள்ளிரவில் இளந்தாய் தனியே தயங்கி நிற்க நேராது.

குளியலறையில் நேரும் தீங்கு ஒன்று உண்டு. பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது நாக்கை விரலால் வழிப்பதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும், மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் பல ஊர்களில் கைப்பழக்கம். தொக்கம் எடுப்பதற்கென்று குழந்தையைக் கொண்டுசெல்வோரும் உளர். எந்தக் குழந்தைக்கும் இவை நல்லவை அல்ல. அண்ணம் தைத்த குழந்தைக்கு இவை பெருங்கேடு. ஒருமுறை நகம் பட்டாலும் தையல் பிரிந்துவிடும். குளிப்பாட்ட வரும் மூதாட்டியிடம் முதல்நாளே இதனைச் சொல்லிவைத்தல் வேண்டும். அவர் அனுபவத்தை மதித்துக்கொண்டே இதனைச் சொல்ல இயலும்.

குழந்தையின் கையும் கவனத்திற்குரியது. விரல் சூப்புதல், பென்சில், கரண்டி, விளையாட்டுச் சாமான் ஆகியவற்றை வாயில் இடுதல் அவ்வயதின் இயல்பு. முழங்கை மடங்காதபடி உறை அணிவிக்கச் சில மருத்துவர் கூறுவர். வேறு சிலர் அது வேண்டியதில்லை என்பர். உறை அணிந்தாலும் அணியாவிடினும், விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒருவர் கண் குழந்தைமேல் இருத்தல் வேண்டும். கூரிய முனையுள்ள பொருள்களை அம்மூன்று வாரம் எடுத்துவைத்துவிடுதல் எளிது.

தையலின் இரு ஓரங்களிலும் வெண்மஞ்சள் படலம் படர்ந்திருக்கும். புண் ஆறும்போது தோன்றும் இயல்பான படலம் அது. துடைத்தெடுக்க முயல்தல் கூடாது. இரண்டு நாட்களுக்குப் பின்னும் காய்ச்சல் தொடர்தல், வாயில் கெட்ட நாற்றம் மிகுதல், மீண்டும் குருதி காணுதல், குடித்தது திடீரென மூக்கின் வழியே வரத் தொடங்குதல் ஆகியவை ஏற்பட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

துளை விழுந்தால்

எல்லாக் காப்பும் மீறிச் சில குழந்தைகளுக்குத் தையலில் சிறு துளை நின்றுவிடும். பிளவு அகலமாக இருந்தவர்க்கு இது நேரும் வாய்ப்பு மிகுதி. யாருடைய கவனக்குறைவும் இல்லாமலே இது நிகழ்வதும் உண்டு. குழந்தையின் உணவோ பாலோ மூக்கில் வந்தால் உடனே சொல்ல வேண்டும். நாணி மறைக்க வேண்டியதில்லை. உடனே மீண்டும் தைத்தல் பெரும்பாலும் செய்யப்பெறுவதில்லை. வீங்கிய திசு மென்மையுற ஆறு மாதமேனும் காத்திருப்பர். சில துளைகள் மிகச் சிறியனவாய்த் தொல்லை தராமல் நின்றுவிடும். அவற்றை அடைக்க வேண்டுமா என்பதை உணவும் பேச்சும் கண்டு முடிவு செய்வர்.

செவியும் பேச்சும்

அண்ணத்தில் உள்ள தசையே நடுச்செவிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழலையும் திறக்கிறது. பிளவுள்ள குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு அக்குழல் சரிவரத் திறவாமல் செவிப்பறைக்குப் பின் நீர் தேங்குகிறது. வலி இராது, ஆனால் கேட்கும் ஒலி மங்கும். அண்ணம் மூடியவுடன் இக்குறை நீங்கிவிடுவதில்லை. ஆதலால் செவிச் சோதனையைக் குறித்த காலந்தோறும் செய்தல் வேண்டும். அழைத்தால் திரும்பாத குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று கடிந்துகொள்ளுமுன், அவனுக்குக் கேட்கிறதா என்று அறிதல் வேண்டும். தேவையானால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தி நீரை வடிப்பர்.

பேச்சே இறுதித் தேர்வு. அறுவைக்கு முன் வல்லினம் ஒலிக்க இயலாத குழந்தை, தொண்டையிலேயே காற்றை வெட்டி நிறுத்தி அவ்வொலியை ஈடுசெய்யக் கற்றுக்கொள்கிறது. கதவு சீரான பின்னும் அப்பழக்கம் தானே போவதில்லை. பேச்சுப் பயிற்சியாளரின் துணையால்தான் போகும். அறுவை முடிந்த சில வாரங்களிலேயே முதல் சந்திப்பு நிகழ்தல் நன்று. வீட்டில் ஓர் எளிய சோதனை உண்டு. சிறு கண்ணாடியை மூக்கின்கீழ் பிடித்துக்கொண்டு, "பாப்பா", "தாத்தா", "காக்கா" என்று சொல்லச் சொன்னால், கண்ணாடியில் ஆவி படிதல் கூடாது. படிந்தால் காற்று மூக்கில் கசிகிறது என்பது பொருள். பயிற்சியாலும் தீராவிடில் இரண்டாம் அறுவை உண்டு. பள்ளியில் சேருமுன் அதனை முடித்தல் குழந்தைக்கு நலம். பின்னர்ப் பல்வரிசையையும் மேல்தாடை வளர்ச்சியையும் பல் மருத்துவர் ஆண்டுதோறும் கண்டுவருவார்.

பொருள் ஒரு தடையன்று

2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியகிரம் என்னும் நடுவண் அரசுத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் குறைகளுள் உதடு, அண்ணப் பிளவும் அடங்கும். அத்திட்டத்தின்வழி அறுவை கட்டணமின்றிச் செய்யப்பெறும். மாவட்டந்தோறும் அமைந்த இடையீட்டுச் சேவை மையங்களை அணுகினால், செவி, பேச்சு, பல் ஆகியவற்றுக்கும் வழி காட்டுவர். இத்தகைய குழந்தை எவ்விடத்தில் பிறந்தாலும், அக்குடும்பத்திற்கு இச்செய்தியைக் கொண்டுசேர்ப்பது அறிந்தோர் கடமையாகும். வண்டிக்குப் பணமும், மருத்துவமனையில் இரவு துணைக்கு ஓர் ஆளும், வீட்டில் மூத்த குழந்தைக்கு ஒரு வேளை உணவும் கிடைக்காமல் தொடர் சிகிச்சையைக் கைவிடும் பெற்றோர் உளர். அண்டை வீட்டாராலும் உறவினராலும் செய்யக்கூடிய உதவி அதுவே.

அறுவை மருத்துவர் தைத்துத் தரும் கதவு நன்றாகவே அமைகிறது. அதனை மூன்று வாரம் விரல் படாமல் காப்பவர் பாட்டி. வேளை தவறாமல் மருந்து தருபவர் தாய். பேச்சுப் பயிற்சிக்கு மாதந்தோறும் தோளில் சுமந்து செல்பவர் தந்தை. இவர்கள் மூவரும் தளராதிருந்தால், ஒருநாள் வாசலில் வந்து நிற்கும் தந்தையை அக்குழந்தை "அப்பா" என்று அழைக்கும். அச்சொல்லின் பகரம் மூக்கில் கசியாமல் இதழில் பிறக்கும்.